வடிவுக்கு ஒரு இடம்

— ஆறடி வேண்டாம் அண்ணாச்சி. அவ மெலிஞ்சி பாதியாப் போயிட்டா. அஞ்சடி போதும்.

— வேலிக்கு அங்கன நின்னே பேசும்வே. உள்ள கால வைக்காதேயும்.

— வெளியதான் நிக்கேன். நீங்க அந்த அரிவாளக் கீழ போட்டுட்டுப் பேசுனியன்னா நல்லாருக்கும்.

— முள்ளு வெட்டுதேன், பாத்தா தெரியலையா? ஞாயித்துக்கெழம ஈஸ்டரு. விடியக்காலத்துல சபையார் பூராவும் மெழுகுவத்தியோட இந்தக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் வருவாவ. அதுக்குள்ள இந்த உடமரத்தையெல்லாம் நான் ஒருத்தனா வெட்டி மாத்தணும். ஒம்ம கூட நின்னு பேச எனக்கு நேரமில்ல.

— கொஞ்ச நேரம் போதும் அண்ணாச்சி.

— பதினேழு வருஷம் கழிச்சி வந்திருக்கீரு, பலவேசம். வந்த ஒடனே குழி கேக்கீரு. யாரு அனுப்புனா ஒம்ம?

— வடிவுதான். ‘கடைசியா எனக்கு இது ஒண்ணச் செய்யி. எங்க அருமைநாயகம் அண்ணங்கிட்டப் போயி, எங்க அம்ம பக்கத்துல எனக்கு ஒரு குழி கேளு’ன்னா.

— ஸ்ஸ்…

— என்ன அண்ணாச்சி?

— ஒண்ணுமில்ல. முள்ளு கையில ஏறிட்டு.

— ரத்தம் வருது.

— வரட்டும். செத்த பெறவுதான் அண்ணன் ஞாபகம் வந்துதாமா அவளுக்கு?

— ஞாபகம் என்னைக்கும் உண்டு அண்ணாச்சி. நான் இந்தத் தோட்டத்துக்குள்ள ஒருநாளும் வந்ததில்ல. ஆனா ஒவ்வொரு கல்லா சொல்லுவேன், கேளுங்க. அந்தா கொன்னமரத்தடியில மூணு குட்டிக் கல்லு. ஜெர்மன் பாதிரி ஐயரு பிள்ளைக. மூணும் ஒரே வாரத்துல பேதியில போச்சி. பக்கத்துல அந்த நீளக் கல்லு அவுக அம்ம. அதுல ஒரு எழுத்து தப்பா வெட்டி, பெறவு திருத்தியிருக்கும். நீங்களும் அவளும் சின்னதுல அந்தத் தப்பெழுத்துல வெரல வச்சி வெளயாடுவிய.

— சொல்லியிருக்காளா.

— ஒரு நாளு விடாம. வேல முடிஞ்சி வந்து காலத் தேய்ச்சுக்கிட்டே சொல்லுவா. இந்த லுத்தரன் கோயிலு வரலாறு எங்க ஊருல என்னைய மாரி எவனுக்கும் தெரியாது, பாத்துக்கிடுங்க.

— வரலாறு தெரிஞ்சவருக்குச் சட்டமும் தெரிஞ்சிருக்கும்லா? அஞ்ஞானியக் கெட்டிக்கிட்டு சபைய விட்டுப் போனவளுக்கு இங்கன எடமில்ல. நான் வச்ச சட்டமில்ல. கோயில் சுவத்துல எழுதித் தொங்கப் போட்டிருக்காவ.

— அஞ்ஞானின்னா நானு.

— நீருதான். வேற யாரு?

— நல்லாருக்கு. இங்கன நான் அஞ்ஞானி. எங்க ஊருல அவ வேதக்காரி. எங்க பெரியாளு நமச்சிவாயம் இருக்காருல்லா, அவருட்ட நேத்துப் போயி நின்னேன். ‘அய்யா, நாளைப்பின்ன நம்ம சுடுகாட்டுல அவளுக்கு ஒரு ஓரம் வேணும்’னேன். ‘பதினேழு வருஷத்துல ஒரு நாளு நெத்தியில துண்ணூறு வச்சிருக்காளாடே? சொள்ளமாட சாமி கொடையில படச்ச சோத்துல ஒரு பருக்கையத் தொட்டிருக்காளா? அவள இங்கன எரிச்சா ஊரு தாங்காது’ன்னுட்டாரு.

— வச்சிருக்கலாம்லா துண்ணூறு. அஞ்ஞானிய வேணும்னு போனவ.

— நான் சொல்லல வைக்கச் சொல்லி. அவ வேதத்த விடச் சொல்லி நானும் கேக்கல, என் சாமிய விடச் சொல்லி அவளும் கேக்கல. அதாம் நாங்க செஞ்ச குத்தம்.

— பக்கத்து ஊரு கோயில்ல கேட்டீரா?

— கேட்டேன். ‘எங்க சபை வேற. ஒங்க லுத்தரன் ஐயரு கடுதாசி குடுத்தா யோசிக்கலாம்’னாவ. ஒங்க ஐயரு மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமதான் வாராரு. அவருட்டயும் போனேன். ‘கமிட்டி செக்ரட்டரியப் பாரு’ன்னாரு. செக்ரட்டரி பாக்கியசீலன் வாத்தியாரு, ‘அவ பேரு ஏட்டுலயே இல்லையே, இல்லாதவளுக்கு எப்படிக் கடுதாசி குடுக்க’ன்னு கேக்காரு.

— சரியாத்தான கேட்டிருக்காரு.

— சரிதான். எல்லாரும் சரியாத்தான் பேசுதாவ. எனக்குத்தான் போவ எடமில்ல.

— ஆத்தங்கரைப் புறம்போக்கு கெடக்கு நெடுக. எத்தன பேரு வைக்கான். அங்கன வைக்க வேண்டியதுதான?

— அண்ணாச்சி, தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல அவ என்ன பாத்தான்னு ஒங்களுக்குத் தெரியாது. வீட்டுக் கூரையில ஏறி ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம். கரையில வச்ச பொணமெல்லாம் மண்ணு கரைஞ்சி மெதந்து போவுது. ஒரு சின்னப் பிள்ள, சிவப்புச் சட்டையோட. அன்னைக்கி என் கையப் பிடிச்சிக்கிட்டா. ‘என்னைய ஆத்தோட விட்டுராத. எங்க அப்பா வெட்டுன மண்ணு மாரி கெட்டி மண்ணுல வையி’ன்னா. அன்னையிலருந்து எனக்கு இந்தப் பயம்தான்.

— எங்க அப்பாவப் பத்திப் பேசாதேயும். எங்க அப்பா எப்படிச் செத்தாருன்னு தெரியும்லா?

— தெரியும்.

— தெரியாது. கேளும். முப்பத்தெட்டு வருஷம் இந்தக் கோயிலுக்குக் கோயில்குட்டி. மணி அடிச்சி, வெளக்குத் தொடச்சி, குழி வெட்டி, ஒரு சொல்லு வாங்காத மனுசன். அவ ஒம்ம கூடப் போனதும், ஆராதனைக்கு நடுவுல அவரயே எந்திரிச்சி நிக்கச் சொல்லி, அவரு வாயாலயே ‘என் மக ஞானவடிவு இந்தச் சபைக்கு அந்நியமானா’ன்னு சொல்ல வச்சாவ. பெஞ்சப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. நான் பின்னால நின்னேன். ஆறு மாசம். ஆறே மாசத்துல போயிட்டாரு.

— அடக்கத்துக்கு அவ வந்தா.

— வந்தா.

— இந்தா, நான் நிக்கனே, இதே எடத்துலதான் நின்னா. நீங்க வந்து கேட்டச் சாத்துனிய.

— சாத்துனேன். அப்பந்தான் எனக்கு இந்த வேலையக் குடுத்திருந்தாவ. கமிட்டி பூராவும் பாத்துக்கிட்டு நிக்கி. நான் என்ன செய்ய?

— நான் கொற சொல்லலையே. அவளும் சொன்னதில்ல. ‘அண்ணன் கேட்டச் சாத்தயில என் மொவத்தப் பாக்கல’ன்னு மட்டும் சொல்லுவா.

— பாத்தா சாத்தியிருக்க முடியாதுவே. நீரு போயிரும் பலவேசம். எனக்கு ரெண்டு பொட்டப் பிள்ளைக இருக்கு, வயசுக்கு வந்து. குடியிருக்கது இந்தத் தோட்டத்து வீடு. கமிட்டி வீடு. புது மண்ணு ஒரு கூட கெடந்தாலும் ஞாயித்துக்கெழம சபை கேக்கும். ‘ஏது இந்தக் குழி?’ அன்னைக்கே சாமானத் தூக்கி வெளிய போட்டுருவாவ. எங்க போவேன்? ஏற்கெனவே பொண்ணு பாக்க வாரவனெல்லாம், ‘அத்தக்காரி ஓடுனாளாமே’ன்னு வெத்தலையத் தொடாம எந்திரிச்சிப் போறான்.

— எனக்கு வெளங்காம இல்ல.

— வெளங்குதுல்லா? அப்பப் போம்.

— ஒரே ஒரு கேள்வி அண்ணாச்சி. கேட்டுட்டுப் போயிருதேன். இந்தத் தோட்டத்துல மொதக் குழி யாருக்கு?

— அது என்னத்துக்கு?

— சொல்லுங்க. வடிவு சொன்னது சரிதானான்னு பாக்கணும்.

— ஒரு பொம்பளைக்கு. திருச்செந்தூருக்கு நடந்து போன கூட்டத்துல பேதி கண்டு ரோட்டோரத்துல விழுந்து கெடந்தா. கூட வந்தவன் பூராவும் ஓடிட்டான். இந்த ஊரும் தொடல, அந்த ஊரும் தொடல. நாய் இழுக்கப் போவுதுன்னு ஜெர்மன் ஐயரே மண்வெட்டி எடுத்து வெட்டிப் பொதச்சாரு. இந்த எடம் அப்ப வெறும் உவர்க் காடு. அந்த ஒரு குழிக்காவத்தான் பெறவு இத வெலைக்கே வாங்குனாரு.

— யாருட்ட வாங்குனாரு?

— ஒம்ம ஊரு நமச்சிவாயம் பூட்டனாருகிட்டதான். ஏன், அவரு சொல்லலையா ஒம்மட்ட?

— அவரு அதெல்லாம் சொல்லுவாரா! சரி, அந்தப் பொம்பள எந்தச் சபை?

— நீரு எங்க வாரீருன்னு தெரியுது.

— கல்லறைப் புஸ்தகத்துல மொத வரி என்ன எழுதியிருக்கு? வடிவு அத மனப்பாடமாச் சொல்லுவா. ‘பெயர் அறியாத ஸ்திரீ. வழியில் மரித்தாள். கர்த்தர் அறிவார்.’ சரிதான?

— சரிதான்.

— தாது வருஷப் பஞ்சத்துல அந்தத் தென்மூலையில பெரிய குழியாத் தோண்டி அறுவத்திமூணு பேர வச்சிருக்கு. அதுல யாரு வேதக்காரன், யாரு சாமி கும்புடுதவன்னு எழுதியிருக்கா?

— ஆணு இத்தன, பொண்ணு இத்தன, பிள்ளை இத்தனன்னுதான் இருக்கு. கஞ்சித் தொட்டிக்கு வந்து செத்தவங்க. பேரு கேக்க யாருக்கு நேரம்?

— அப்ப அவங்களுக்கெல்லாம் எடம் உண்டு. அவங்க பேரையெல்லாம் தூசி தட்டித் திருப்பி எழுதுனவளுக்கு இல்ல. ஒங்க அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். பத்து வயசுலருந்து இருபத்திரெண்டு வயசு வரைக்கும் அந்தப் புஸ்தகத்த எழுதுனது அவதான? செல்லரிச்சிப் போன பழைய புஸ்தகத்தப் புதுசுல பாத்து எழுதுனதும் அவதான?

— ஆமா.

— ஏட்டுல அவ பேரு இல்லைங்காரு வாத்தியாரு. ஏடு பூராவும் அவ எழுத்துதான் இருக்குன்னு நான் சொல்லல அவருட்ட. சொல்லிட்டு வந்திருக்கணும்.

— நீரு சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாவே? ஒவ்வொரு சாவுக்கும் அந்தப் புஸ்தகத்தத் தொறக்கேன். நமக்கு வாசிக்க அவ்வளவா வராது. ஆனா அவ எழுத்து தெரியும். ‘ழ’வுக்கு வாலு நீளமா இழுப்பா. அவ போன பெறவு வாத்தியாரு எழுதுனது எறும்பு ஊர்ந்த மாரி இருக்கும். நான் அந்தப் பக்கத்தத் தள்ளிட்டு முந்தின பக்கத்துல போயி நின்னுருவேன். ஒரு நாளு என் வீட்டுக்காரி அன்னபாக்கியம் பாத்துட்டா. ‘என்ன வாசிக்கிய?’ன்னா. ‘யாரு எந்த வருஷம்னு பாக்கேன்’ன்னேன்.

— மச்சான்.

— அண்ணாச்சின்னே கூப்பிடும்.

— சரி அண்ணாச்சி. நான் வாரேன். இனிமே ஒங்களக் கஷ்டப்படுத்த மாட்டேன். அவகிட்ட, கேட்டேன், முடியலன்னு சொல்லிருதேன்… நான் என்னமோ அவளுக்கு ஒரு வீடு கூட ஒழுங்கா கெட்டிக் குடுக்கல. இது ஒண்ணாவது செஞ்சிருவோம்னு பாத்தேன்.

— நில்லும்வே.

— இல்ல அண்ணாச்சி, ஒங்க பொழப்பு கெட்டுரும்.

— நில்லும்ங்கேன்! உள்ள வாரும். முள்ளப் பாத்துக் கால வையும். இப்படி வந்து இந்த எடத்தப் பாரும்.

— எது?

— இது எங்க அம்ம. அந்தப் பக்கம் அப்பா. நடுவுல இருக்க இந்த ஆறடி, யாருக்குன்னு நெனைக்கீரு?

— தெரியல.

— எனக்கு. கோயில்குட்டியா இருக்கவனுக்குச் சம்பளத்தோட ஒரு குழி. ஜெர்மன் ஐயரு காலத்துலருந்து வழக்கம். யாரும் கேள்வி கேக்க முடியாது. கமிட்டிகிட்ட சீட்டு வாங்க வேண்டாம். ‘அருமைநாயகம்’னு புஸ்தகத்துல பேரு ஏறிட்டு. அதுல அவள வச்சிருதேன்.

— ஐயோ, அப்ப ஒங்களுக்கு?

— நான் செத்த பெறவு என்னைய எங்க போடுததுன்னு கமிட்டி கூடி முடிவு பண்ணட்டும். எனக்கு அது ஒரு கவலையா?

— வீடு? பிள்ளைக?

— வாத்தியாரு கேட்டா, ‘என் குழி, எனக்குப் பிரியமானவளுக்குக் குடுத்தேன்’ம்பேன். வீட்டக் காலி பண்ணச் சொன்னா… சொல்லட்டும், பாப்போம். அன்னைக்கிச் சாத்துன கேட்ட இன்னைக்கும் சாத்துனா, அப்பா நின்ன மாரி நானும் சாவுத வரைக்கும் பெஞ்சப் பிடிச்சிக்கிட்டுத்தான் நிக்கணும். என்னால முடியாது.

— மச்சான்… ஒங்க கால்ல விழுந்திருவேன்.

— எந்திரியும், எந்திரியும் மாப்ளே. ஆம்பள அழுதா மண்ணு எளகாது, நாந்தான் வெட்டணும். கெட்டி மண்ணு, கடப்பார போடணும். நாளைக்கழிச்சிப் பெரிய வெள்ளி. அதுக்கு முன்னால முடிச்சிருவோம். எத்தன மணிக்குக் கொண்டு வாரிய? அதச் சொல்லும், அதுக்குத் தக்கன வெட்டணும்.

— மணியா?

— என்னவே, மணி கேட்டா முழிக்கீரு?

— மணி தெரியாது மச்சான்.

— தெரியாதுன்னா? இந்த வெயிலுல எத்தன நேரம் போட்டு வைப்பிய?

— பாளையங்கோட்டை ஆசுபத்திரியில ஒரு மாசம்ங்காவ. ஒரு டாக்டரு ரெண்டு மாசம் கூட இருக்கும்னாரு. வயித்துல கட்டி. இனிமே வீட்டுல வச்சிப் பாருங்கன்னு போன வாரம் அனுப்பிட்டாவ.

— என்னவே சொல்லுதீரு?

— அவ சாவல மச்சான்.

— சாவலையா?

— மச்சான், உக்காருங்க. இப்படி இந்தக் கல்லு மேல உக்காருங்க.

— பொய்யா சொன்னீரு? இம்புட்டு நேரமும் பொய்யா சொன்னீரு எங்கிட்ட?

— சத்தியமா நான் செத்துட்டான்னு ஒரு சொல்லு சொல்லல. குழி கேட்டேன். நீங்களா நெனச்சிக்கிட்டிய. பாதியிலதான் எனக்கே வெளங்குச்சி. அப்பச் சொல்லியிருக்கணும். சொன்னா, ‘அவ செத்த பெறவு பாப்போம், இப்பப் போ’ன்னுருவியளோன்னு பயந்துட்டேன். நீங்களும் கேக்கல மச்சான். எப்பப் போனா, என்ன சீக்கு, கஷ்டப்பட்டாளான்னு ஒரு வார்த்த கேக்கல.

— கேக்கப் பயந்துவே… கேட்டா தாங்க மாட்டேன்னுதான கமிட்டி, சட்டம்னு பேசிக்கிட்டே கெடந்தேன். எங்க இருக்கா? ஒத்தையில விட்டுட்டா வந்தீரு?

— கோயில் நடையில உக்காத்தி வச்சிருக்கேன். பஸ்ஸவிட்டு எறங்கி அதுக்கு மேல நடக்க முடியல. ‘நீ மட்டும் போயிக் கேளு. அண்ணன் முடியாதுன்னா, மொவத்தக் காட்டாம இப்படியே திரும்பிருவோம்’னா.

— கோயில் நடையிலயா? இந்த வெயிலுலயா? யாரும் பாக்கலையா?

— பாத்தா என்ன மச்சான், இனிமே?

— தள்ளும், நான் போறேன்.

— வேண்டாம், அந்தா பாருங்க. அவளே வாரா. சொன்ன பேச்சக் கேக்கவே மாட்டா. ஏட்டி, சுவத்தப் பிடிச்சி வா!

— வடிவு! ஏட்டி வடிவு, அங்கனயே நில்லு! முள்ளு வெட்டிப் போட்டிருக்கேன், கால்ல குத்தீரும். நான் வாரேன்!

— இங்கன முள்ளு எங்க கெடக்கும்னு எனக்குத் தெரியாதாண்ணே?

— ஏட்டி… என்னட்டி இது, கையி இப்படிக் குச்சியாட்டம்… பிடிச்சிக்கோ என்னைய. எல்லாம் பேசியாச்சி. அம்ம பக்கத்துல, அப்பாவுக்கும் அம்மைக்கும் நடுவுல, என் எடத்தையே ஒனக்குன்னு சொல்லியாச்சி. நீ ஒண்ணும் கவலப்படாத.

— கேக்கச் சொன்னது நாந்தான், கவல இவரோடது. குழி அங்கனயேதான கெடக்கும், எங்கயும் போவாது. எனக்கு நம்ம வீட்டுக்குள்ள ஒரு பாய விரிண்ணே. இருக்க வரைக்கும் அங்கன கெடக்கத்தான் வந்தேன்.